ஸிரோ: மாறியும் மாறாத மலையூர்

இந்தியாவின் அருணாச்சலப் பிரதேசத்தில், 5,000 அடிக்கும் மேலான உயரத்தில் உள்ளது ஸிரோ. அபதானிப் பழங்குடியினரின் தாயகம் அது. வெளிநாட்டவனாகிய நான் அங்கு செல்லத் தனி அனுமதி பெறவேண்டியிருந்தது. அருணாச்சலத்தைச் சேராத இந்தியருக்கும் 'உள்கோட்டு' அனுமதி தேவை.

அந்தக் கோட்டை 1873 ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின் மூலம் வகுத்தவர்கள் பிரித்தானியர். மலைமக்கள் மீதான பரிவைக் காட்டிலும் தமது வர்த்தக நலனே அவர்களுக்குப் பெரிதாயிருந்தது. சுதந்திர இந்தியாவோ அதே கோட்டை மலைமக்களின் நிலத்துக்குக் காவல்வேலியாக்கியது. வரலாற்றின் விசித்திரம் இது.

1944 இல் இப்பகுதிக்கு வந்த மானிடவியலாளர் ஃபியூரர்-ஹைமன்டோர்ஃப், கலப்பையோ உழவு மாடோ இன்றிச் செழித்த நெல்வயல்களைப் பதிவுசெய்தார். அவ்வேளாண்மை இன்றும் தொடர்கிறது. ஆனால் பலரும் தொன்மையானதென எழுதும் வயல்மீன் வளர்ப்பு 1960களில்தான் அங்கு வேரூன்றியது.

பெண்கள் முகத்தில் பச்சை குத்தி, மூக்கில் அடைப்பான் அணியும் வழக்கத்தை 1970களில் அபதானி இளைஞர்களே முடிவுக்குக் கொண்டுவந்தனர். இன்று முதிய பெண்களிடம் மட்டுமே அதனைக் கண்டேன். அம்முகங்களைப் படமெடுக்கவே பயணிகள் பலர் வருகின்றனர்.

கெடாத பண்பாடு என்பதை மாறாத பண்பாடு என்று நாம் பொருள்கொள்கிறோம். எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்பதை அம்மக்கள் தாமே தீர்மானித்தார்கள். அந்த உரிமை நிலைத்திருக்கும்வரை ஸிரோ கெடாது என்றே நான் நம்புகிறேன்.