நம் தலைக்கு மேலே இருக்கும் கல்நார்

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியாரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பீர்கள்? சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

சின்னமனூர் வரலாறு என்றால் நான் செப்பேட்டில்தான் தொடங்குவேன் என்று உங்களுக்குத் தெரியும். பாண்டியர்கள் செம்பில் வெட்டி வைத்ததால் அந்தச் செய்தி ஆயிரம் ஆண்டு தாண்டி நமக்குக் கிடைத்தது. கூரையைப் பற்றி யாரும் எதிலும் வெட்டி வைக்கவில்லை. அதனால் அதை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

என் சிறு வயதில் நம் ஊர்த் தெருவில் மூன்று வகை வீடுகள் இருந்தன. வசதியுள்ளவர்களுக்குக் காரை வீடு, நடுத்தரத்துக்கு ஓட்டு வீடு, மற்றவர்களுக்குக் கூரை வீடு. தென்னங்கிடுகு வேய்வார்கள், கரும்புத் தோகையும் வேய்வார்கள். குளிர்ச்சிக்கு அதை மிஞ்ச எதுவும் கிடையாது. ஆனால் கோடையில் அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்தால் போதும், நாலு வீடு சேர்ந்து போகும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கணவாய் வழியே இறங்கும் காற்று, கிடுகையும் ஓட்டையும் பிய்த்துக்கொண்டு போகும். வருடம் தவறாமல் ஓடு மாற்ற ஆள் தேட வேண்டும்.

அப்போது வந்ததுதான் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். முதலில் அரிசி மில், சினிமா கொட்டகை, கிட்டங்கி. பிறகு மாட்டுத் தொழுவம், சமையல்கட்டு, வீடு. தீப்பிடிக்காது, கரையான் அரிக்காது, தகரம் போலத் துருப்பிடிக்காது, ஒரே நாளில் மாட்டிவிடலாம். கல்யாணத்துக்கு முன்னால் அவசரமாக ஒரு அறை எடுக்க வேண்டுமென்றால் ஷீட்தான். சித்திரை மாதத்தில் அடியில் உட்கார முடியாது என்பதைத் தவிர அதில் யாரும் குறை சொன்னதில்லை. ஏழைகள் முட்டாள்தனமாக வாங்கிய பொருள் என்று இன்று சிலர் எழுதுகிறார்கள். அது அநியாயம். தீயும் காற்றும் பார்த்தவர்கள் கணக்குப் போட்டு வாங்கிய பொருள் அது.

ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். இதைவிடச் சரியான பெயர் எந்த மொழியிலும் இல்லை என்பேன். பாறையில் இருக்கும், நார் நாராக உரியும், பஞ்சு போல் திரிக்கலாம், நெருப்பில் வேகாது. நெருப்பில் வாழும் ஒரு பிராணியின் தோல் அது என்று ஐரோப்பாவில் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அது மண்ணில் வெட்டி எடுக்கும் கனிமம் என்று மார்க்கோ போலோ எழுதினார். 1901 வாக்கில் ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்ஷெக் இந்த நாரைச் சிமெண்டோடு குழைத்து மெல்லிய தகடாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் கூரையில் இருப்பது அந்தத் தகடுதான். சுமார் பத்தில் ஒரு பங்கு நார், மீதி பெரும்பாலும் சிமெண்ட்.

தேதிகளை மனப்பாடம் செய்யச் சொன்னதற்காக என்னைத் திட்டாதவர்கள் உங்களில் யாரும் இருக்க முடியாது. இந்த மூன்று தேதிகளை மட்டும் இப்போது வரிசையாகப் பாருங்கள்.

1924. இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் டர்னர் பிரதர்ஸ் ஆலையில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண் 33 வயதில் இறந்தார். வில்லியம் குக் என்ற மருத்துவர் அவர் நுரையீரலில் கல்நார்த் துகள்களைக் கண்டு மருத்துவ இதழில் எழுதினார். நிறுவனம் இழப்பீடு தர மறுத்தது.

1931. கல்நார் ஆலைகளில் தூசியைக் கட்டுப்படுத்த பிரிட்டன் தனிச் சட்ட விதிகள் கொண்டு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அரசு ஆய்வாளர்கள் தொழிலாளர்களைப் பரிசோதித்துக் கொடுத்த அறிக்கையின் விளைவு அது.

1934. இந்தியாவில், இன்றைய மத்தியப் பிரதேசத்தின் கைமூரில், கல்நார் சிமெண்ட் ஆலை தொடங்கியது. பின்னால் நின்றது டர்னர் அண்ட் நெவால். நெல்லி கெர்ஷா வேலை பார்த்த அதே குழுமம்.

நம் நாட்டுக்கு முதல் ஆலை வருவதற்கு முன்பே இந்தத் தூசி ஆளைக் கொல்லும் என்று அங்கே சட்டமே வந்துவிட்டது. அறியாமல் நடந்தது என்று சொல்ல இடமில்லை. பிறகு ஹைதராபாத்தில் சார்மினார் ஷீட் வந்தது. கோவை போத்தனூரில் எவரெஸ்ட் ஆலை வந்தது. 1960களில் நம் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ராஜபாளையத்து ராம்கோ குழுமம் அரக்கோணத்தில் ஆலை தொடங்கியது.

1960ல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற மருத்துவரும் உடன் இருந்தவர்களும் இன்னொன்றைக் கண்டார்கள். நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் ஓர் அரிய புற்றுநோய், நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் மட்டும் கூட்டமாக இருந்தது. பாதிக்கப்பட்டவர்களில் சிலர் சுரங்கத்தில் வேலையே பார்க்காதவர்கள். சின்ன வயதில் அந்தப் பக்கம் குடியிருந்தவர்கள், அவ்வளவுதான்.

இத்தாலியின் கசாலே மொன்ஃபெராட்டோ என்ற ஊரின் கதையையும் கேளுங்கள். 1907 முதல் 1986 வரை அங்கே கல்நார் சிமெண்ட் ஆலை ஓடியது. ஆலையின் கழிவுத் தூளை ஊர்க்காரர்கள் வாங்கி வந்து முற்றத்திலும் பாதையிலும் கொட்டிச் சமப்படுத்தினார்கள். ஆலைக்குள் கால் வைக்காத ஆசிரியர்களும் இல்லத்தரசிகளும் பின்னாளில் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். இந்த ஊரை ஏன் சொல்கிறேன் என்று கீழே வரும்.

இவ்வளவு காலம் எப்படி மறைந்திருந்தது? நார் இழை கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. நுரையீரலின் ஆழத்துக்குப் போய்விட்டால் உடம்பால் பலவற்றைக் கரைக்கவும் முடியாது, வெளியேற்றவும் முடியாது. நோய் வெளிப்பட 20 முதல் 40 வருடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். 1995ல் நம் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவை 40 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது அதனால்தான்.

பிரிட்டன் நீலம், பழுப்பு வகைகளை 1985லும் வெள்ளையை 1999லும் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005ல் தடை. கனடாவில் ஆஸ்பெஸ்டாஸ் என்றே பெயர் வைத்துக்கொண்ட ஒரு சுரங்க நகரம் 2020ல் வாக்கெடுப்பு நடத்தித் தன் பெயரை மாற்றிக்கொண்டது. நம் நாட்டில் 1986ல் புதிய சுரங்கக் குத்தகைகளை நிறுத்தினார்கள், 1993ல் பழையவற்றைப் புதுப்பிப்பதையும் நிறுத்தினார்கள். தோண்டுவதை நிறுத்தினோம். இறக்குமதி செய்து ஷீட் போடுவதை நிறுத்தவில்லை. இலங்கை நிறுத்தப் பார்த்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, சரக்கில் வண்டு இருந்ததாகச் சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்த, சில நாட்களில் கல்நார்க் கட்டுப்பாடு தள்ளிப்போனது. கல்நார் விற்பதும் ரஷ்யாதான், தேயிலை வாங்குவதும் ரஷ்யாதான். மேகமலையில் கொழுந்து கிள்ளும் நம் சொந்தங்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

நம் பள்ளிக்கூடங்களுக்கு இது வந்த பாதை தனி. 2004 ஜூலை 16. கும்பகோணம் பள்ளித் தீ. 94 குழந்தைகள். சமையலறை நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவியது. அந்த வாரம் எந்த ஆசிரியரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. கீற்றை உடனே அகற்றச் சொல்லி அரசு உத்தரவிட்டது, சரியான உத்தரவு. ஆனால் கீற்றை எடுத்த இடத்தில் என்ன போடுவது? கான்கிரீட் போடப் பணமில்லாத இடங்களில் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் ஏறின. கம்பம்மெட்டு ஏறி இறங்கினால் கேரளா. அங்கே 2009ல் மாநில மனித உரிமை ஆணையம் பள்ளிகளின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளை மாற்றி ஓடு போடச் சொன்னது.

நிற்க. இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நம் முன்னாள் மாணவர் குழுவில், பள்ளியின் பழைய சைக்கிள் கொட்டகையைப் பிரித்துப் புதுக் கூரை போட முடிவாகியிருக்கிறது. நல்ல காரியம். தென்னை மட்டை விழுந்து நொறுங்கிய ஷீட்டுகள், ஓரமெல்லாம் பஞ்சு பஞ்சாகத் தெரிகிறது, நானும் போய்ப் பார்த்தேன். ஆனால் "ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் சுத்தியலோடு வந்தால் ஒரு மணி நேர வேலை" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். அடுத்த வரியிலேயே என் சொந்த மச்சினன் மகன், "உடைந்த துண்டைக் கொடுங்கள் மாமா, வாசல் பள்ளத்தை நிரப்பிக்கொள்கிறேன்" என்று கேட்டிருந்தான். கசாலே மொன்ஃபெராட்டோ வேறெங்கும் இல்லை, ஓடைப்பட்டி ரோட்டிலேயே இருக்கிறது.

முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். விரிசல் இல்லாத ஷீட்டின் அடியில் குடியிருப்பதால் பெரிய ஆபத்து இல்லை. சிமெண்ட் நாரைப் பிடித்து வைத்திருக்கிறது. துளை போடும்போது, அறுக்கும்போது, உடைக்கும்போது, வருடக்கணக்கில் மழையும் பாசியும் சிமெண்டை அரித்த பிறகு மேற்பரப்பைச் சுரண்டும்போதுதான் நார் காற்றில் ஏறுகிறது. ஆகவே நல்ல ஷீட்டை விட்டுவிடுங்கள். பொங்கலுக்குச் சுத்தம் செய்கிறேன் என்று கம்பி பிரஷ்ஷால் பாசியைத் தேய்க்காதீர்கள், பிரஷர் தண்ணீரும் அடிக்காதீர்கள். மேற்பரப்பு லேசாகத் தேய்ந்திருந்தால் ஈரமாக்கி, ஒட்டும் பிரைமர் கொடுத்து, இரண்டு கை பெயிண்ட் அடித்து மூடிவிடலாம். உள்ளே ஃபால்ஸ் சீலிங் போட்டால் வெயிலும் குறையும். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஷீட் விஷயத்தில் உடனடி ஆபத்து அதன் மேல் ஏறி நிற்பது. பழைய ஷீட் ஆள் பாரம் தாங்காது. குறுக்குச் சட்டங்களின் மேல் பலகை போடாமல் ஒருவரும் ஏறக் கூடாது.

கொட்டகை ஷீட் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது, எடுத்தே ஆக வேண்டும். எடுக்கும் முறை இது. பிள்ளைகள் வராத நாளாக, காற்று அடங்கிய காலை நேரமாக இருக்கட்டும்; இந்த ஆடியில் வேண்டாம். தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள், பக்கத்து வகுப்பறை ஜன்னல்களைச் சாத்துங்கள். தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் மெதுவாக நனையுங்கள். திராட்சைக்கு அடிக்கிற ஸ்பிரேயரைக் கழுவிவிட்டு எடுத்து வரலாம். ஷீட்டை உடைக்காமல் ஜே போல்ட்டைக் கழற்றுங்கள், துருப்பிடித்திருந்தால் போல்ட்டை வெட்டுங்கள். ஒவ்வொரு ஷீட்டையும் முழுசாகக் கை மாற்றி இறக்க வேண்டும். மேலிருந்து எறிந்தால் அத்தனை முன்னேற்பாடும் வீண். தடித்த பாலித்தீன் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டி, மேலே "கல்நார்க் கழிவு, உடைக்காதீர்" என்று எழுதுங்கள். தரையில் விழுந்த துண்டுகளையும் நனைத்துக் கையால் பொறுக்கிப் பையில் கட்டுங்கள். விளக்குமாறு தொடவே கூடாது. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதே பையில் போடுங்கள்.

முகத்தில் கட்டும் துண்டு தூசிக்குக்கூடப் பயன்படாது. பி100 வடிகட்டி உள்ள ரப்பர் முகமூடி வேண்டும். அது முகத்தோடு ஒட்ட வேண்டும் என்பதால் தாடி வைத்திருக்கும் மாப்பிள்ளைகள் அன்று கீழே நின்று தண்ணீர் கொடுங்கள், இல்லை சவரம் செய்துகொண்டு வாருங்கள். போட்டிருந்த சட்டையோடு வீட்டுக்குப் போகக் கூடாது. ஆலைத் தொழிலாளிகளின் துணியைத் துவைத்த மனைவிகளுக்கு நோய் வந்த கதை பல நாடுகளில் உண்டு.

பிரித்ததை எங்கே போடுவது என்பதுதான் கடினமான கேள்வி. முல்லைப் பெரியாற்றங்கரையில் இல்லை, நகராட்சிக் குப்பை வண்டியில் இல்லை. கழிவை எப்படி அகற்ற வேண்டும் என்று ஐ.எஸ். 11768 என்ற இந்தியத் தர ஆவணம் 1986லேயே வந்துவிட்டது. அபாயகரமான கழிவுகளைப் புதைக்கும் இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ஆனால் ஒரு பள்ளிக் கொட்டகையின் முப்பது ஷீட்டை அங்கே கொண்டுபோகும் ஏற்பாடு சாதாரண மனிதனுக்கு எளிதாக இல்லை. ஆகவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குத் தலைமையாசிரியர் வழியாக மனு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை சுற்றிய கட்டுகளைப் பூட்டிய அறையில் அடுக்கி வைக்கலாம். கட்டு பிரியாதவரை அது யாரையும் ஒன்றும் செய்யாது.

புதுக் கூரைக்கு ஷீட் வாங்கப் போகும் தம்பிகள் கடையில் அச்சைப் பாருங்கள். ஐ.எஸ். 459 என்று இருந்தால் அது கல்நார் கலந்தது. கல்நார் கலக்காத ஷீட் என்று கேட்டு வாங்குங்கள், அல்லது வண்ணத் தகடு போடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தள்ளிவையுங்கள். முகமூடிக்கும் பாலித்தீனுக்கும் ஆகும் செலவு என்னுடையது. போல்ட் வெட்டும் மெஷின் யாரிடம் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள்.