அடிமனத்தைத் தோண்டியவர்கள்

அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற சாலையில் இருக்கிறது பந்தல்குடி. மேலே பார்த்தால் மழைக்கு ஏங்கும் வெறும் மானாவாரிக் காடு. தோண்டினால் சுண்ணாம்புக் கல். அந்தச் சீமையில் யாருக்காவது சித்தம் கலங்கினால் கோடாங்கியைக் கூப்பிடுவது நெடுநாள் வழக்கம். அவரும் உடுக்கையை அடித்து, "யார் நீ? எங்கேயிருந்து வந்தாய்?" என்றுதான் கேட்பார். மனசுக்குள்ளே இன்னொருவர் குடியிருக்கிறார் என்பது நம்மவர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

பக்கத்திலுள்ள திருச்சுழியில் 1879-ம் ஆண்டு பிறந்த வெங்கடராமன் என்ற பையன் இந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டான். 1896-ல், பதினாறு வயதில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில் திடீரென்று மரண பயம் பிடித்துக்கொண்டது. ஓடவில்லை, டாக்டரைத் தேடவில்லை. பிணம் போல் விறைத்துப் படுத்து, 'சாவது யார்?' என்று விசாரித்தான். அவன்தான் பிற்காலத்து ரமண மகரிஷி. அதே 1896-ல்தான் வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டு என்ற வைத்தியர் தம்முடைய முறைக்கு 'மனப்பகுப்பு' என்று பெயர் சூட்டி அச்சில் வெளியிட்டார். இரண்டும் ஒரே ஆண்டில் நேர்ந்தது தற்செயல்தான். ஆனால் ஒரு வித்தியாசம். தன் மனத்தைத் தோண்டுகிறவனுக்குச் சங்கம் வேண்டாம், மலை போதும். பிறர் மனத்தைத் தோண்டுகிறவனுக்கோ பக்கத்தில் நாலு பேர் இருந்தே தீரவேண்டும்.

நம் தேசத்தில் அந்த நாலு பேரைச் சேர்த்தவர் கல்கத்தாவின் கிரீந்திரசேகர் போஸ். 1910-ல் வைத்தியப் பட்டம் பெற்றவர். மாயாஜாலத்திலும் ஹிப்னாடிஸத்திலும் ஆசை. பிராய்டைக் கண்டதில்லை; குரு என்று யாரிடமும் உட்கார்ந்ததில்லை. புத்தகத்தைப் படித்தும் நோயாளிகளைக் கவனித்தும் தாமாகவே இந்த வித்தையைக் கற்றார். அடக்கப்பட்ட ஆசைகளைப் பற்றி 1921-ல் ஆராய்ச்சி நூல் எழுதிப் பட்டம் வாங்கி, அதை வியன்னாவுக்கு அனுப்பினார். மறு ஆண்டே பார்ஸிபகான் சந்து, 14-ம் எண் வீட்டில் இந்திய மனப்பகுப்புச் சங்கம் பிறந்தது. ஆரம்பத்தில் பதினைந்து பேர். பெரும்பாலோர் கல்லூரி ஆசிரியர்கள், மற்றபடி டாக்டர்கள். அந்த ஆண்டிலேயே சர்வதேசச் சங்கமும் இதைச் சேர்த்துக்கொண்டது. 1953-ல் கண் மூடும்வரை போஸ்தான் தலைவர்.

வெள்ளைக்காரர்களும் அதில் இருந்தார்கள். ராஞ்சி ஐரோப்பியர் மனநோய் ஆஸ்பத்திரித் தலைவர் பெர்க்லி-ஹில் ஒரு விசித்திரமான மனிதர். 1921-ல், ஹிந்துக்களின் சமயத்துக்கும் தத்துவத்துக்கும் குணத்துக்கும் வேர், குழந்தைப் பருவத்து மலங்கழிக்கும் சுபாவத்தில் இருக்கிறது என்று நீண்ட கட்டுரை எழுதினார். வீட்டிலோ மனைவி மலையாளப் பெண்மணி! நாவல் எழுதுகிறவன் இப்படி ஒரு பாத்திரத்தைப் படைத்தால் நம்பமாட்டார்கள். ஒரு ஜாதி முழுவதையும் நோயாளியாகப் பார்க்கிற அந்தக் கண்ணும், அந்த ஜாதியில் பிறந்த வைத்தியரின் கண்ணும் ஒரே சங்கத்தில் உட்கார்ந்திருந்தன.

போஸ் சண்டைக்குப் போகவில்லை. அவர் எதிர்வாதம் செய்தது மூலவரிடமே. எந்த ஆசைக்கும் அடியில் அதற்கு நேர் எதிரான ஆசை ஒன்று ஒளிந்திருக்கிறது என்பது அவர் சித்தாந்தம். அடிக்க விரும்புகிறவனுக்குள் அடிபட விரும்புகிறவன் இருக்கிறான். ஐரோப்பிய ஆண்களிடம் பிராய்டு கண்ட சில அச்சங்கள் தம்முடைய இந்திய நோயாளிகளிடம் அவ்வளவு அழுத்தமாக இல்லை என்றும், பெண்ணாக இருக்கவேண்டும் என்ற ஆசையே அவர்களிடம் எளிதில் வெளிப்படுகிறது என்றும் 1929-ல் எழுதினார். அர்த்தநாரியைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் திகைப்பு வராது. பிராய்டு மரியாதையோடு படித்தார், யோசிக்கிறேன் என்றார், முழுதும் ஒப்புக்கொள்ளவில்லை. சீடன் தானாகத் தோண்டத் தொடங்கினால் எந்த குருவுக்கும் கொஞ்சம் சங்கடம்தான்.

கடிதங்கள் 1937 வரை நடந்தன. இருவரும் சந்திக்கவே இல்லை. 1931-ல் பிராய்டின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குச் சங்கம் தந்தத்தில் செய்த விஷ்ணு சிலையை அனுப்பியது. திருவிதாங்கூர்ச் சிலை ஒன்றைப் பார்த்துச் செய்தது. லண்டனில் பிராய்டு கடைசியாக வாழ்ந்த வீடு இப்போது காட்சிசாலை. அவருடைய மேஜையின் மேல் பெருமாள் இன்னும் இருக்கிறார்.

சங்கத்தார் பேச்சோடு நிற்கவில்லை. 1940-ல் லும்பினி பார்க் என்ற மனநோய் ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். அதற்கு வீடு கொடுத்தவர் போஸின் அண்ணா ராஜசேகர் போஸ். 'பரசுராம்' என்ற புனைபெயரில் வங்காளத்தைச் சிரிக்கவைத்த எழுத்தாளர். ஊரைச் சிரிக்கவைத்தவர் சித்தம் கலங்கியவர்களுக்கு வீடு தந்தார். எழுத்தாளர் குலத்துக்கு இது ஒரு பெருமை. 1947-ல் 'ஸமீக்ஷா' என்ற பத்திரிகையும் தொடங்கினார்கள்.

பிராய்டிடமிருந்து பிரிந்து தனிவழி போன கார்ல் யுங்கும் கல்கத்தாவுக்கு வந்தார். 1938 ஜனவரியில், விஞ்ஞான காங்கிரஸின் வெள்ளிவிழாவுக்கு. வந்த இடத்தில் வயிற்றுக்கடுப்பு கண்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். எழுந்து சென்னை வரைக்கும் வந்தார், திருவண்ணாமலைக்குப் போகவில்லை. ஊர் திரும்பியதும் அவருடைய நண்பர், இந்தியவியல் அறிஞர் ஹைன்ரிக் ஸிம்மர் கேட்ட முதல் கேள்வியே ரமணரைப் பற்றித்தான். ஸிம்மர் 1943-ல் இறந்தார். ரமணரைப் பற்றி அவர் எழுதிய நூலை மறு ஆண்டு யுங்தான் முன்னுரையோடு வெளியிட்டார். திருச்சுழிப் பிள்ளையைத் தாம் ஏன் போய்ப் பார்க்கவில்லை என்பதற்கு அந்த முன்னுரையில் அவர் சொல்லும் சமாதானம் கொஞ்சம் நீளம்.