மிதவை சரியும் கணம்: அசையாநீரில் ஈத்தூண்டிலும் நீண்ட லீடரும்

2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் வோல்டர் ரீட் இராணுவ வைத்தியசாலையில் ஒரு சிறு முயற்சி தொடங்கியது. அங்கு தானும் சிகிச்சை பெற்றிருந்த ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி எட் நிக்கல்சன், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயப்பட்டுத் திரும்பிய படையினருக்கு ஈத்தூண்டில் போடக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். கை கால் இழந்தவர்களும் உறக்கம் தொலைத்தவர்களும் அதில் இருந்தார்கள். ‘ப்ராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ்’ என்ற பெயரில் அது பின்னர் அமெரிக்கா முழுவதும் பரவியது.

அது ஒரு வல்லரசு தன் படையினருக்குச் செய்து கொடுத்தது. குண்டு விழுந்த பக்கத்தில் இருந்த சனங்களுக்கு அப்படி ஒன்றை யாரும் கொண்டுவந்து தருவதில்லை. ஆனாலும் அந்த முயற்சியின் பின்னால் உள்ள எண்ணம் எவருக்கும் பொதுவானது. நீரைப் பார்த்தபடி, ஒரே ஒரு சிறு பொருளில் கண்ணை வைத்துக்கொண்டு, கையால் செய்யக்கூடிய ஒரு வேலை மனதைக் கொஞ்ச நேரம் நிகழ்காலத்தில் இருத்தி வைக்கும். இது மருத்துவத்துக்கு மாற்று அல்ல. மருத்துவத்தோடு சேர்ந்து நடக்கக்கூடிய ஒன்று.

ஈத்தூண்டிலில் பல முறைகள் உண்டு. ஓடும் ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று, நாள் முழுக்கத் தூண்டிலை வீசி வீசி இழுப்பது ஒன்று. அதற்கு உறுதியான கால்களும் தோளும் வேண்டும். ஏரியில் நங்கூரமிட்ட படகில் உட்கார்ந்து, ஒருமுறை வீசிவிட்டு மிதவையைப் பார்த்துக் காத்திருப்பது இன்னொன்று. செயற்கைக் கால் பொருத்தியவரும், தோளில் சன்னத் துண்டோடு வாழ்பவரும், வயதானவரும் செய்யக்கூடியது இந்த இரண்டாவது முறைதான். இங்கு விளக்கப்படுவதும் அதுவே.

எங்கே, எந்த மீனுக்கு?

இந்த முறை நன்கு வளர்ந்த இடங்களில் ஒன்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். கம்லூப்ஸ் நகரைச் சுற்றியுள்ள டங்க்வா, ரோச், லாக் லு ஜேன் போன்ற ஏரிகளில் ரெயின்போ ட்ரவுட் மீன்கள் வாழ்கின்றன. அவற்றின் முக்கிய உணவுகளில் ஒன்று கைரோனொமிட் எனப்படும் பூச்சி. பார்வைக்கு நுளம்பு போல இருக்கும், ஆனால் கடிக்காது. அதன் புழுப்பருவம் ஏரியடிச் சேற்றில் கழிகிறது. ஒட்சிசன் குறைந்த சேற்றில் வாழ உதவும் ஹீமோகுளோபின் இருப்பதால் சில புழுக்கள் இரத்தச் சிவப்பாக இருக்கும். பின்னர் கூட்டுப்புழுவாகி, தோலுக்குள் சேரும் வாயுவின் உதவியோடு மெதுவாக மேலே எழும்பி, நீர்ப்பரப்பில் பூச்சியாக வெளிவருகிறது.

ஏப்ரல், மே மாதங்களில் பனி உருகியதும் இந்த எழுச்சி தொடங்கும். அப்போது மீன்கள் பெரும்பாலும் அடித்தரையிலிருந்து ஒன்று இரண்டு அடி உயரத்தில் நின்று, மேலெழும் கூட்டுப்புழுக்களை மெல்ல உறிஞ்சி எடுக்கின்றன. ஆகவே 16 அடி ஆழத்தில் மீன் பிடிக்க வேண்டுமானால், செயற்கை ஈ 15 அடியில், ஏறக்குறைய அசையாமல் தொங்க வேண்டும். மிதவையும் நீண்ட லீடரும் தேவைப்படுவது இதனால்தான்.

நீண்ட லீடரின் சிக்கல்

ஈத்தூண்டிலில் இரண்டு பகுதிகள் உள்ளன. தடித்த, மிதக்கும் பிரதான கயிறு ஒன்று. அதன் நுனியில் கட்டப்படும் மெல்லிய தங்கூசி மற்றது. அந்தத் தங்கூசிப் பகுதியையே லீடர் என்கிறார்கள்.

ஈ 15 அடியில் தொங்க, மிதவை ஈயிலிருந்து 15 அடி மேலே இருக்க வேண்டும். தடியின் நீளமோ பத்து அடி. மிதவையை இறுக்கமாகக் கட்டிவிட்டால், மீனைச் சுற்றி இழுத்து வரும்போது மிதவை தடியின் நுனி வளையத்தில் வந்து முட்டும். அதற்குமேல் கயிறு சுற்றாது. 15 அடித் தங்கூசியும் அதன் முனையில் துள்ளும் மீனும் வெளியே கிடக்கும். வலைக்கு எட்டாது.

எங்கள் குளங்களில் தடியும் தங்கூசியுமாகத் தூண்டில் போட்டவர்களுக்கு இது புதிதல்ல. ரீல் இல்லாத தூண்டிலில் தடியின் நீளமே ஆழத்தின் எல்லை.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் கழன்று சரியும் மிதவை. நடுவில் துளையுள்ள ஒரு மிதவை, அந்தத் துளைக்குள் செருகும் ஒரு சிறு ஆப்பு. தங்கூசியைத் துளையூடாக விட்டு, ஒரு சென்ரிமீற்றர் அளவில் சிறு கண்ணி எடுத்து, ஆப்பால் நெரித்துப் பூட்ட வேண்டும். மீன் கொத்தியதும் தடியை உயர்த்தினால் கயிறு இறுகும், கண்ணி உருவிக்கொள்ளும், மிதவை தங்கூசி வழியே தாராளமாகக் கீழே சரிந்துவிடும். பிறகு மீனைக் கைக்கெட்டும் தூரம் வரை சுற்றலாம்.

கட்டும் ஒழுங்கு

1. பிரதான கயிற்றின் நுனியில் மூன்று அடி தடித்த நைலோன் தங்கூசி. வீசும் விசையைக் கடத்துவது இது.

2. அதன் முனையில் 16 அடி நீளமான, 6 முதல் 8 இறாத்தல் பலமுள்ள ஃபுளோரோகார்பன் தங்கூசி. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிப்பு. இடையில் முடிச்சு இருக்கவே கூடாது. முடிச்சு இருந்தால் மிதவை அங்கே சிக்கும்.

3. அதன் முனையில் மிகச் சிறிய சுழலி. முறுக்கேறுவதை இது தடுக்கும். சரிந்து வரும் மிதவை ஈயில் போய் மோதாமலும் நிறுத்தும். சிறிது பாரமும் தரும்.

4. சுழலிக்குக் கீழே இரண்டு அடி, 5 அல்லது 6 இறாத்தல் ஃபுளோரோகார்பன்.

5. முனையில் 10 முதல் 16ஆம் இலக்கம் வரையான கொழுக்கியில் கட்டிய ஈ. கறுப்பு அல்லது செம்பழுப்பு உடல், கூட்டுப்புழுவின் வெண்ணிறச் செவுளைக் காட்ட தலையில் ஒரு வெள்ளை மணி. இறுக்கமான முடிச்சைவிட, ஈ சற்று ஆடக்கூடிய கண்ணி முடிச்சு நல்லது.

மொத்தம் 21 அடி. இந்த அமைப்பில் மிதவையை நகர்த்தி 18 அடி ஆழம் வரை ஈயைத் தொங்கவிடலாம்.

ஃபுளோரோகார்பன் ஏன்? நைலோனின் அடர்த்தி நீரைவிடச் சிறிதளவே அதிகம், ஏறக்குறைய 1.14. ஃபுளோரோகார்பனுக்கு அது 1.78 அளவில். வேகமாகத் தாழும். ஒளியை முறிக்கும் தன்மையும் நீருக்கு நெருக்கமானது என்பதால் நீருக்குள் குறைவாகத் தெரியும்.

ஆழம் அளத்தல்

இந்த முறையில் தோற்பவர்களில் அதிகமானோர் தோற்பது இங்கேதான். ஓர் அடி பிழைத்தாலும் ஈ சேற்றில் புதையும், அல்லது மீனின் தலைக்கு மேலே தொங்கும்.

படகை முன்னும் பின்னுமாக இரண்டு நங்கூரங்களால் நிறுத்துங்கள். ஒன்று மட்டும் போட்டால் காற்றில் படகு சுழலும், ஈயும் இழுபடும். பின்னர் கொழுக்கியில் ஒரு சிறு இடுக்கியைக் கவ்வவிட்டு, படகின் ஓரமாக நேரே இறக்குங்கள். அது தரையைத் தொட்டதும் நீர்மட்டத்தில் தங்கூசியைப் பிடித்து, அதிலிருந்து ஈயின் பக்கமாக ஓர் அடி கீழே மிதவையைப் பூட்டுங்கள். இடுக்கியைக் கழற்றிவிட்டு வீசினால் ஈ தரைக்கு ஓர் அடி மேலே நிற்கும். மீன் கடிக்காவிட்டால் அரை அடி அரை அடியாக மாற்றிப் பாருங்கள். ஈயை மாற்றுவதற்கு முன் ஆழத்தை மாற்றுவதே அனுபவசாலிகளின் வழக்கம்.

வீசுதலும் கவனித்தலும்

தூர வீசத் தேவையில்லை. 30 அடி போதும். கையை மெதுவாக, அகலமான வளைவில் கொண்டுபோக வேண்டும். வேகமாக வீசினால் மிதவையும் ஈயும் ஒன்றையொன்று சுற்றிச் சிக்கும். விழுந்ததும் ஈ ஆழத்துக்கு இறங்க நேரம் கொடுங்கள். மிதவை நிமிர்ந்து நின்றால் ஈ இறங்கிவிட்டது. தடிக்கும் மிதவைக்கும் இடையில் தொய்வு இருந்தால் மெல்ல எடுத்துவிடுங்கள். தொய்வு உள்ளவரை கையின் அசைவு கொழுக்கிக்குப் போய்ச் சேராது.

மிதவை முழுதாக அமிழ்வது மட்டுமே கடி அல்ல. பக்கவாட்டில் நகர்தல், சற்றுச் சரிதல், நிமிர்ந்து நின்றது படுத்துவிடுதல் எல்லாமே கடிதான். மீன் ஈயை வாயில் கொண்டு மேலே வரும்போது பாரம் நீங்குவதால் மிதவை படுக்கும். இரு நிற மிதவையில் இது தெளிவாகத் தெரியும். ஈ உணவல்ல என்று உணர்ந்ததும் மீன் துப்பிவிடும். யோசிக்க நேரமில்லை. சந்தேகம் வந்தாலே தடியை உயர்த்துங்கள்.

மிதவை பெரிதாக இருந்தால் அதை அமிழ்த்தக் கூடுதல் விசை வேண்டும், மீன் அதை உணரும். ஈயின் பாரத்தைத் தாங்கும் மிகச் சிறிய மிதவையே சரியான மிதவை. ஆப்பு மிக இறுகினால் மிதவை கழலாது; தளர்ந்தால் வீசும்போதே கழன்றுவிடும். வீசுவதற்கு முன் கையால் இழுத்துப் பார்ப்பது நல்லது.

மீனின் உயிர்

ட்ரவுட் குளிர்நீர் மீன். நீரின் வெப்பம் 20 பாகை செல்சியசைத் தாண்டினால் அது களைத்துவிடும். பிடித்து விட்டாலும் பிழைப்பது கடினம். அந்த நாட்களில் தூண்டிலைச் சுருட்டி வைப்பதே முறை. விடுவதற்காகப் பிடிப்பவர்கள் கொழுக்கியின் முள்ளை நசுக்கிவிடுவார்கள். கையை நனைத்த பிறகே மீனைத் தொடுவார்கள். ஈயப் பாரங்களும் கவனிக்க வேண்டியவை. அன்னப் பறவைகள் ஈயக் குண்டுகளை விழுங்கி இறந்ததால் 1987இல் இங்கிலாந்தில் சிறு ஈயப் பாரங்கள் தடைசெய்யப்பட்டன. ஈயத்துக்குப் பதிலாக டங்ஸ்டன் பயன்படுத்தலாம். எத்தனை ஈ கட்டலாம், எந்த மாதம் பிடிக்கலாம் என்பதை அந்தந்த இடத்து விதிகளே தீர்மானிக்கும்.

எமது நீர்நிலைகளில்

இலங்கைக்கும் ட்ரவுட் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியர் நுவரெலியாப் பக்கத்து மலைநீரில் அதைக் கொண்டுவந்து விட்டனர். வன்னிக் குளங்களில் இருப்பவை வேறு: விரால், கெளுத்தி, 1952இல் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா. இவற்றுக்கு செயற்கை ஈ தேவையில்லை, மண்புழு போதும். ஆனால் மேலே சொன்ன விதிகள் அப்படியே பொருந்தும். ஆழத்தை அளவுங்கள். மிதவையைச் சிறிதாக்குங்கள், றெஜிபோம் துண்டு என்றாலும் தூண்டிலின் பாரத்துக்கு ஏற்ப வெட்டுங்கள். ரீல் உள்ளவர்கள் குளக்கட்டின் ஆழமான பக்கத்தில் சரியும் மிதவையைப் பயன்படுத்தலாம். துளையுள்ள மிதவைக்கு மேலே தங்கூசியில் ஒரு நூல் முடிச்சு போட்டால் போதும். அந்த முடிச்சு தடியின் வளையங்களூடாகப் போகும், ஆனால் மிதவையின் துளைக்குள் போகாது.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. மண்டையோட்டுச் சின்னம் போட்ட சிவப்புப் பலகை நிற்கும் கரைக்கு, மீன் எவ்வளவு துள்ளினாலும், போகவேண்டாம். நீர் வற்றும் காலத்தில் குளத்தரையில் இனந்தெரியாத இரும்பு எதைக் கண்டாலும் தொடவேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், தூண்டிலைக் கையில் கொடுப்பதற்கு முன் அவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.