கடைநாட் பராமரிப்பு: கேரளம் சென்ற வழி

இந்தியாவில் மத்தியப் பிரதேசம், இராசத்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசாங்க அனுமதியோடு அபினி பயிரிடப்பட்டு வருகின்றது. கடுநோவைத் தணிக்கும் மோர்பின் என்னும் மருந்து அபினியிலிருந்து பெறப்படுவதே. பிறநாட்டு நோயாளர்க்கென அபினியை ஏற்றுமதி செய்த அந்நாட்டிலே, புற்றுநோயால் துடிக்கும் முதியவர் ஒருவருக்கு மோர்பின் குளிசை கிடைத்தல் நெடுங்காலம் அரிதாயிருந்தது.

இம்முரணுக்குப் பெருங்காரணம் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டமாகும். கடத்தற்காரரை ஒடுக்க எழுந்த அச்சட்டம், கணக்கேட்டில் நேரும் சிறு பிழைக்கும் சிறைசெல்ல நேருமோ என்னும் அச்சத்தை வைத்தியரிடத்தும் மருந்து வணிகரிடத்தும் விளைத்தது. மருந்தை வாங்கவும், வைத்திருக்கவும், கொண்டுசெல்லவும் தனித்தனி அனுமதிப் பத்திரங்கள் வேண்டப்பட்டன. அவற்றுக்கான விதிகளை வகுத்தவை மாநிலங்களே. விதிகளை எளிமையாக்குமாறு 1998இல் மத்திய அரசாங்கம் கேட்டுக்கொண்டபோது சில மாநிலங்கள் இசைந்தன, பல வாளாவிருந்தன. ஆகவே ஒருவர் நோவோடு இறப்பதும் ஆறுதலோடு இறப்பதும் அவர் வாழ்ந்த மாநிலத்தைப் பொறுத்தனவாயின. 2014இற் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே நாடு முழுவதற்கும் ஒரே விதிமுறை வந்தது.

கேரளம் அதுவரை காத்திருக்கவில்லை. 1993இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். இராசகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் நோவு தணிப்புச் சங்கமொன்றை நிறுவினர். தொடக்கத்தில் அது வந்துபோகும் நோயாளரைப் பார்க்கும் சிறு சிகிச்சை நிலையமே. ஆயின், எவருக்கு உதவி மிக வேண்டுமோ அவராற் பேருந்தில் ஏறி வர இயலாது. வந்தவருக்கு நோவு தணிந்தாலும் வீட்டில் அரிசியில்லை; பிள்ளைகளின் படிப்பு நின்றுவிட்டது. குளிசையால் இவை தீருமா?

இதிலிருந்தே அயலவர் பராமரிப்பு இயக்கம் பிறந்தது. 2001 அளவிற் கோழிக்கோடு, மலப்புறம், வயநாடு, திருச்சூர் ஆகிய மாவட்டங்களில் அது வேரூன்றியது. ஆசிரியரும், கடைக்காரரும், மாணவரும் சிறு பயிற்சி பெற்று, செவிலியரோடு வீடுவீடாகச் சென்றனர். ஊரவர் கொடுத்த சில்லறைக் காசே இதற்குப் பெருமுதல். புற்றுநோயாளருக்கென்று தொடங்கிய பணி, பக்கவாதத்தால் விழுந்தோரையும் மூப்பினாற் படுக்கையிற் கிடந்தோரையும் தழுவிக்கொண்டது. அது வேண்டியதே, 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 8.6 பேர், கேரளத்தில் 12.6 பேர். மக்களுட் பலரோ வளைகுடா நாடுகளில் உழைத்துக்கொண்டிருந்தனர்.

2008இல் மாநில அரசாங்கம் இப்பணிக்கெனத் தனிக் கொள்கை வகுத்து, ஊராட்சி மன்றங்களிடம் பொறுப்பளித்தது. 2010இல் நாற்பது நாடுகளின் கடைநாட் பராமரிப்பை ஒப்பிட்ட ஆய்வொன்றில் இந்தியா இறுதி இடத்தைப் பெற்றது. குடித்தொகையில் நூற்றுக்கு மூன்று பங்கே கொண்ட கேரளம், இந்தியா முழுவதிலும் நடைபெற்ற இத்தகைய பணியில் மூன்றில் இரண்டு பங்கை ஆற்றியதாக அவ்வாய்வே குறித்தது.

எனினும் கேரளத்திற்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. மலப்புறம் முதலிய வடபகுதிகளில் ஊரவர் தாமே தொடங்கிய பணி, தென்மாவட்டங்களில் அத்துணை விரைவாகப் பரவவில்லை. பணி சிறந்த ஊர்களிலும் செவிலியர் வரும் நாட்கள் சிலவே. ஏனைய நாட்களில், படுக்கைப்புண் வாராதவாறு நோயாளரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டி விடுவது பெரும்பாலும் அவ்வீட்டு மனைவியோ மகளோ மருமகளோதான். அவ்வுழைப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.