ஹல்ஸ்–டெய்லர் இரட்டை விண்மீன்

ஹல்ஸ்–டெய்லர் இரட்டை விண்மீன் (பி.எஸ்.ஆர். பி1913+16) என்பது கழுகு விண்மீன் குழாமில் உள்ள, ஒன்றையொன்று சுற்றிவரும் இரு நியூத்திரன் விண்மீன்களாலான தொகுதி ஆகும். ஈர்ப்பு அலைகள் ஆற்றலை எடுத்துச் செல்கின்றன என்பதற்கான முதற் சான்று இதிலிருந்தே கிடைத்தது. ரசல் ஹல்ஸ், ஜோசப் டெய்லர் ஆகியோர் புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கி மூலம் 1974 இல் இதனைக் கண்டறிந்தனர். இதற்காக 1993 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்.

ஆற்றல் இழப்பு

இவற்றுள் ஒன்று துடிவிண்மீன். அது 59 மில்லிநொடிக்கு ஒருமுறை வானொலித் துடிப்பை அனுப்புவதால், துல்லியமான கடிகாரமாகப் பயன்படுகிறது. இவ்விரு விண்மீன்களின் சுற்றுக்காலம் 7.75 மணி. ஈர்ப்பு அலைகளால் ஆற்றல் குறையும்போது அவை வேகம் குறைவதில்லை. மாறாக, சுற்றுப்பாதை சுருங்கி வேகம் கூடுகிறது. நிலையாற்றலில் ஏற்படும் இழப்பு, இயக்க ஆற்றலின் கூடுதலைப் போல இருமடங்கு என்பதே இதன் காரணம்.

சுற்றுக்காலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 76 மைக்ரோநொடி மட்டுமே குறைகிறது. இவ்வளவு சிறிய மாற்றத்தை எவ்வாறு அளப்பது? விளைவு ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே செல்வதால், விண்மீன்கள் மிக நெருங்கும் கணம் 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 40 நொடி முந்திவிட்டது. இது பொதுச் சார்புக் கோட்பாட்டின் கணிப்புடன் 1 விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாட்டில் பொருந்துகிறது.

ஞாயிற்றைச் சுற்றும் புவியும் இவ்வாறே ஆற்றலை இழக்கிறது. ஆனால் அது ஏறத்தாழ 200 வாட்டு, அதாவது சில மின்விளக்குகளுக்கான அளவுதான். ஹல்ஸ்–டெய்லர் விண்மீன்களோ ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளில் ஒன்றோடொன்று இணைந்துவிடும்.