நம் முன்னோர் மாறுபட்ட விதம்

வெள்ளிவிழா மலருக்குச் சங்கத்தின் வரலாற்றை எழுதித் தருமாறு செயற்குழுவினர் முதலில் எம்மைக் கேட்டனர். அதனை எம்மினும் நன்கறிந்த மூத்த அன்பர்கள் எழுதுவதே முறை என்று விலகிக்கொண்டோம். யாம் எழுத விரும்பியது வேறொரு வரலாறு. அதற்குரிய காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம்.

சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிறு மாலை, சங்கக் கட்டிடத்தில் பொதுக்குழு கூடியது. சங்கத்தின் பெயரிலுள்ள ‘ஆதிதிராவிடர்’ என்னும் சொல்லை நீக்கி, ‘தலித்’ என்னும் சொல்லைச் சேர்க்க வேண்டும் என்று இளைஞர் சிலர் தீர்மானம் கொண்டுவந்தனர். மூத்தோர் வெகுண்டனர். தலைமை தாங்கியவர் யாமே. தீர்மானத்தை முன்மொழிந்த தம்பி தம் காரணங்களில் இரண்டாவதைச் சொல்லத் தொடங்கியபோது, வகுப்பறைப் பழக்கத்தால், “உட்காரப்பா, பிறகு பார்க்கலாம்” என்று கூறிவிட்டோம். அவர் உட்கார்ந்தார். அன்றிலிருந்து மாலை வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுக்க அவர் வரவில்லை. முப்பதாண்டுக் காலம் கரும்பலகை முன் நின்ற நமக்கு வாதம் செய்யத் தெரியவில்லையே என்னும் எண்ணம் அன்றிரவு முழுவதும் எம்மை வருத்தியது. அதன் பின்னரே பழைய நூல்களைப் புரட்டலானோம்.

தமிழ் நிலத்தில் வாதம் என்பது புதிய பொருளன்று. திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. வடமொழி நியாய நூலார் வாதத்தை மூவகையாகப் பிரித்தனர். உண்மையைக் காண இருவரும் கூடி ஆராய்வது வாதம். வெற்றி ஒன்றையே கருதிப் பேசுவது சற்பம். தன் கொள்கை எதனையும் நிறுவாது எதிரியின் கொள்கையை மட்டும் இடிப்பது விதண்டை. வீட்டில் பிள்ளைகளை “விதண்டாவாதம் பேசாதே” என்று நாம் அதட்டும் சொல் இவ்வழி வந்ததே. எனினும் பெரியவர்கள் விடைகூற இயலாத கேள்வியைப் பிள்ளைகள் கேட்கும்போதுதான் இச்சொல் பெரிதும் பயன்படுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலை இப்பொருளில் ஒரு கருவூலம். வஞ்சி மாநகரில் மணிமேகலை மாதவ வடிவம் கொண்டு, அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பல சமயத்தார் கூற்றையும் கேட்கிறாள். பெரும்பாலும் கேட்கவே செய்கிறாள் என்பதை இளைஞர்கள் கருத வேண்டும். கண்ணால் காண்பதே உண்மை, கருதலளவை வேண்டா என்ற பூதவாதியிடம் மட்டும், “உன் தாய் தந்தையரை எந்த அளவையால் அறிந்தாய்?” என்னும் பொருள்பட ஒரு வினா விடுக்கிறாள். அவன் கொள்கை முழுவதும் அந்த ஒரு வினாவில் தடுமாறிவிடுகிறது.

பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குத் தருக்கம் கற்பிக்கிறார். நிறுவ வேண்டியது பக்கம். அதற்குக் காரணம் ஏது. பிறர் அறிந்த ஒன்றைக் காட்டுவது திட்டாந்தம். ஒலி நிலையற்றது, செய்யப்படுவதால், குடத்தைப் போல என்பது அங்கு வரும் எடுத்துக்காட்டு. இதனைப் பள்ளிப் பாடம் போலப் படித்துப் போய்விடலாகாது. வேதம் எவராலும் செய்யப்படாதது, அதன் ஒலி என்றும் உள்ளது என்று ஒரு சாரார் சாதித்த காலம் அது. என்றும் உள்ளதை எவர் மாற்ற இயலும்? ஒலியும் குயவன் வனைந்த குடம் போல் செய்யப்பட்டதே என்று காட்டிவிட்டால், அவ்வேதத்தின் பெயரால் சொல்லப்பட்ட ஏற்றத்தாழ்வும் மனிதர் செய்ததே என்றாகிவிடும். ஒரு குடம் எவ்வளவு பெரிய மதிலை உடைக்க முயன்றது, பாருங்கள்! போலிக் காரணங்களையும் போலி எடுத்துக்காட்டுகளையும் அடிகள் ஒவ்வொன்றாக எடுத்து விளக்குகிறார். விரிவஞ்சி அவற்றை ஈண்டு விடுகின்றோம்.

வாதம் எல்லாம் இவ்வாறு நூலறிவோடு முடிந்துவிடவில்லை. மதுரையில் அனல்வாதம், புனல்வாதம் நிகழ்ந்ததையும், தோற்ற சமணர் கழுவேறியதையும் பெரியபுராணம் கூறுகிறது. அது வரலாற்று நிகழ்ச்சிதானா என்பதில் ஆராய்ச்சியாளர் ஒன்றுபடவில்லை. ஏட்டை நெருப்பிலிடுவது எவ்வகை அளவையில் அடங்கும் என்பது மட்டும் எமக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இனி நம் முன்னோரிடம் வருவோம். பண்டித அயோத்திதாசரும் (1845–1914) இரட்டைமலை சீனிவாசனாரும் உறவினர். சீனிவாசனாரின் சகோதரியாரை மணந்தவர் பண்டிதர். ஒரே குடும்பத்தார், ஒரே மக்களுக்கு உழைத்தவர். ஆயினும் பெயர் ஒன்றிலேயே இருவரும் எதிரெதிர் நின்றனர். ‘பறையன்’ என்பது பகைவர் இட்ட பெயர், அதனை நாமே எடுத்துச் சூட்டிக்கொள்ளலாகாது என்பது பண்டிதர் கொள்கை. நாம் சாதிபேதமற்ற திராவிடர், பூர்வ பௌத்தர் என்றார். சீனிவாசனாரோ, எப்பெயரைச் சொல்லி இழிவு செய்கின்றனரோ அப்பெயரோடே தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்றார். 1893இல் அவர் தொடங்கிய இதழின் பெயரே ‘பறையன்’. பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. இவ்விரண்டு பெயர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வாதம் முழுவதும் விளங்கிவிடும்.

அவர்கள் வாதிட்ட முறையும் வேறு. பண்டிதர் சொல்லாராய்ச்சியில் இறங்குவார். பழைய நூல்களுக்குப் புதிய உரை காண்பார். வாசகர் விடுத்த வினாக்களுக்கு இதழில் விடை எழுதுவார். அவர் சொற்பிறப்புக் கூறியவை அனைத்தையும் இன்றைய மொழியறிஞர் ஏற்பதில்லை, நாமும் கண்மூடி ஏற்க வேண்டியதில்லை. சீனிவாசனாரின் முறை மனுவும் எண்ணிக்கையும். இந்தியாவிலும் சிவில் சர்வீஸ் தேர்வு நடத்தினால் உயர்சாதியாரே அதிகாரிகளாக வந்து நம்மை ஒடுக்குவர் என்று கருதி, 1893இல் 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள விண்ணப்பத்தை இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்.

பண்டிதரின் வாதத் திறத்துக்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1892இல் சென்னை மகாஜன சபையின் மாநாட்டில், சிவன், விஷ்ணு ஆலயங்களில் நம்மவர் நுழைய ஏன் தடை என்று கேட்டார். உங்கள் குலத்துக்கு மதுரைவீரன், காட்டேரி, கருப்பண்ணன் முதலான தெய்வங்கள் உண்டு, அத்தெய்வங்கள் உங்களுக்குரியவை அல்ல என்று தஞ்சைப் பிரதிநிதி சிவராம சாஸ்திரியார் விடை கூறினார். அப்படியாயின் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டா என்று கூறிய பண்டிதர், பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் குடிகளுக்குத் தரிசு நிலமும் கிடைக்க வழிசெய்யுங்கள் என்று கேட்டார். எதிரியின் கூற்றை மறுக்கவில்லை. அதனையே ஏற்று, அதிலிருந்து எதிரி எதிர்பாராத முடிவை எடுத்தார். 1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் பெற்றுவந்து சென்னையில் பௌத்த சங்கம் நிறுவியதை, இந்த முடிவின் தொடர்ச்சியாகவே யாம் காண்கின்றோம். சீனிவாசனாரோ பௌத்தம் தழுவவில்லை. 1935இல் டாக்டர் அம்பேத்கர் இந்து மதத்தை விட்டு வெளியேறப் போவதாக இயோலாவில் அறிவித்தபோதும், நாம் அம்மதத்துக்குள்ளேயே இல்லை, இல்லாத வீட்டிலிருந்து எப்படி வெளியேறுவது என்னும் கருத்தையே அவர் முன்வைத்தார். ஆயினும் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் இருவரும் ஒரே பக்கத்தில் அமர்ந்து தனித்தொகுதி கேட்டவர்கள்.

தனித்தொகுதியை எதிர்த்தவரும் நம்மவரே. எம். சி. ராஜா அவர்கள் 1932இல் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்துகொண்டு, ஒதுக்கீட்டுடன் கூடிய கூட்டுத்தொகுதியே போதும் என்றார். அக்காலத்தில் அவரைத் துரோகி என்று ஏசினோர் பலர். அவர் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தவர், பாடநூல்கள் எழுதியவர். ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரை அரசு ஏற்க வேண்டுமென்று 1922இல் சட்டமன்றத்தில் வாதாடி வென்றவரும் அவரே. உயர்சாதியாரின் நல்லெண்ணத்தை நம்பலாம் என்பதே 1932இல் அவருடைய வாதத்தின் ஏது. 1938இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த ஆலய நுழைவு மசோதாவைக் காங்கிரஸ் அமைச்சரவை ஆதரிக்கவில்லை, மசோதா தோற்றது. ஏது பொய்த்தது கண்டு அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டு அம்பேத்கரை நெருங்கினார். பொதுவாழ்வில் ஒருவர் தாம் பிழைபட்டதை ஏற்றுத் திரும்புவது எத்துணை அரிது என்பது, எந்தச் சங்கத்திலாயினும் பொறுப்பு வகித்தோருக்குத் தெரியும்.

இறுதியாக ஒன்று. 1936இல் லாகூரிலிருந்த சாதி ஒழிப்புச் சங்கத்தார் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்து, உரையை முன்னதாகப் படித்து அஞ்சி, மாநாட்டையே நிறுத்திவிட்டனர். அவர் அவ்வுரையைத் தம் சொந்தச் செலவில் நூலாக்கினார். காந்தியடிகள் ‘அரிஜன்’ இதழில் அதனை மறுத்து எழுதினார். சாத்திரத்தை அதன் தீய பின்பற்றாளரைக் கொண்டு அளக்கலாகாது, சிறந்த சான்றோரைக் கொண்டு அளக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். சான்றோர் சிலர் நல்லவராயிருப்பதால் கோடிக்கணக்கானோரின் நடைமுறை மாறிவிடுமா என்பது அம்பேத்கரின் மறுப்பு. இவ்வாதத்தில் யார் பக்கம் நாம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அடுத்த பதிப்பை அவர் வெளியிட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். தம்மை மறுத்த காந்தியடிகளின் கட்டுரையை முழுமையாகத் தம் நூலிலேயே அச்சிட்டு, அதனோடு தம் மறுமொழியையும் சேர்த்தார். நூலை வாங்குவோர் இருபக்கமும் படித்துத் தீர்ப்பளிக்கலாம்.

இதனைப் படித்து முடித்த மறுநாள், தீர்மானம் கொண்டுவந்த தம்பியின் வீட்டுக்குச் சென்றோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடித்துவிட்டு அவர் உறங்கிக்கொண்டிருந்தார். அவருடைய தாயார் தேநீர் தந்தார்கள். அன்று சொல்லாமல் நின்ற காரணங்களை எழுதித் தருமாறும், யாம் அதனை ஒப்பாவிடினும் ஓர் எழுத்தும் மாற்றாமல் இம்மலரிலேயே வெளியிடுவதாகவும் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு வந்தோம். சொல்லை நீக்கலாகாது என்பதே இப்பொழுதும் எம் கருத்து. ராஜா அவர்கள் வாதாடிப் பெற்ற பெயர் அது. அச்சகத்தாரிடம் இக்கட்டுரையை அடுத்து இரண்டு பக்கம் ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கின்றோம். இதனை எழுதும் இன்று வரை அவருடைய கட்டுரை வந்து சேரவில்லை. நேற்று மாலை வகுப்புக்கு மட்டும் வந்திருந்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்கு நடத்திவிட்டு, எம்மிடம் ஒன்றும் பேசாமல் போனார்.