கறுப்பு உருண்டை

தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும் ஒரு பட்டை. தடிமன் 3 மில்லிமீட்டர், அகலம் 4. இரண்டு உருளைகளை 30 மில்லிமீட்டர் தள்ளி வைத்து, மேலே இதைக் கிடத்தி நடுவில் அழுத்துவோம். நல்ல பட்டையென்றால் 65 கிலோ, அதாவது ஓர் ஆள் ஏறி நிற்கிற பாரம் வரை தாங்கும். பிறகு வளைவதோ நெளிவதோ கிடையாது. ‘டக்’ என்று ஒரு சத்தம், துண்டுகளை மேசைக்கடியில் தேட வேண்டியதுதான். ஆய்வுக்கூடத்தில் நான் பல வருடம் பார்த்த வேலை, சிலிக்கான் நைட்ரைடு என்ற பீங்கானை உடைப்பது.

1857-லேயே டெவில், வோலர் இருவரும் இந்தப் பொருளைச் செய்து பார்த்துவிட்டார்கள். உருவம் கொடுப்பதுதான் பெரும்பாடு. பானை மண்போல் இது சூளையில் இறுகாது. சூட்டை ஏற்றினால் உருகவும் செய்யாது. 1,900 டிகிரியை நெருங்கும்போது நைட்ரஜனை விட்டுவிட்டுச் சிதைந்துபோகும். 1950-களில் பிரிட்டனில் சிலிக்கான் பொடியையே அச்சில் அழுத்தி, நைட்ரஜன் ஓடும் சூளையில் வேகவைத்தார்கள். அளவு மாறாமல் வந்தது. ஆனால் உள்ளெல்லாம் நுண்துளை, வலுவும் அரைகுறை.

1961-ல் அங்கேயே டீலி, ஹெர்பர்ட், மூர் மூவரும் சிலிக்கான் நைட்ரைடு பொடியில் கொஞ்சம் மெக்னீசியா கலந்து, சூட்டோடு அழுத்தினார்கள். துகள்களின் மேல் படிந்திருக்கும் சிலிக்காவோடு மெக்னீசியா சேர்ந்து கண்ணாடிக் குழம்பாகும். துகள்கள் அதில் கரைந்து, நீள நீளப் படிகங்களாக மறுபடி வளர்ந்து பின்னிக்கொள்ளும். விரிசல் நேராக ஓட வழியில்லை. சேற்றில் வைக்கோல் மிதித்துச் சுவர் வைப்பார்களே, ஏறக்குறைய அந்தக் கணக்கு. வில்லங்கமும் அங்கேதான்: ஆறிய பிறகும் கண்ணாடி உள்ளேயே தங்கி, 1,000 டிகிரி தாண்டியதும் இளகத் தொடங்கும். பின்னால் மெக்னீசியாவுக்குப் பதில் இட்ரியா கலந்து இதை ஓரளவு சமாளித்தார்கள்.

1971-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, ஃபோர்டையும் வெஸ்டிங்ஹவுஸையும் பீங்கான் டர்பைன் செய்ய இறக்கியது. அந்த டர்பைனில் ஓடும் கார் கடைக்கு வரவேயில்லை. நான் உருவத்தின் அளவைத்தான் குறை சொல்வேன். ஒருமுறை ஒரே பொடி, ஒரே சூளை, 12 பட்டை. பதினொன்று ஏறக்குறைய ஒரே பாரத்தில் உடைந்தன. ஒன்று மட்டும் பாதியிலேயே போனது. முறிந்த முகத்தை நுண்ணோக்கியில் வைத்தால், மெல்லிய நீளமான ஒரு பொந்து. பொடியில் விழுந்த முடி எரிந்து, தன் அச்சை விட்டுப் போயிருக்கிறது. என் தலைமுடியாகவும் இருக்கலாம். இரும்பாக இருந்தால் அந்த இடம் சற்று நெகிழ்ந்து தப்பித்திருக்கும். உருவம் பெரிதாகப் பெரிதாக இப்படிப்பட்ட பொந்துகளும் பெருகும்.

சின்னச் சாமான்கள்தான் பிழைத்தன. 1980-களில் ஜப்பானில் டீசல் என்ஜினின் கிளோ பிளக், 1985-ல் நிஸான் ஃபேர்லேடி காரின் டர்போ சக்கரம், பிறகு விண்வெளி ஓடத்தின் என்ஜின் பம்பில் பேரிங் உருண்டைகள். எடை எஃகில் பாதிக்கும் குறைவு. வேகமாகச் சுற்றும் இடத்துக்கு வேறென்ன வேண்டும்?

தொழிற்பேட்டைப் பக்கம் போனால், அதிவேக சிஎன்சி இயந்திரத்தின் பேரிங் மாற்றும்போது எட்டிப் பாருங்கள். உள்ளே கறுப்பு உருண்டை இருந்தால், பெரும்பாலும் இதுதான்.